22-ஆவது நிமிடத்தில் நிற்கும் டிராக்டர்

சும்மா நிறுத்தி ஓடவிட்டால் நாள் முழுக்க ஓடும். கலப்பையை இறக்கினால் 20 நிமிடம், மிஞ்சினால் 25. அதற்குள் இழுவை குறைந்து, சத்தம் தணிந்து, யாரோ மெதுவாக ஆக்சிலரேட்டரைக் குறைப்பதுபோல அடங்கி நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, கை பம்பை அடித்து, செல்ஃப் போட்டால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பும். மறுபடி அதே கதை.

உரிமையாளர் இந்த வண்டியோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டியிருந்தார். நான் போய்ப் பார்க்கும்போது இரண்டு டீசல் ஃபில்டரும் இருமுறை மாற்றியாகிவிட்டது. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றி, அவற்றின் நுனியான நாசிலைச் சோதித்து, அழுத்தம் சரிசெய்து மாட்டியாகிவிட்டது. கடைசியாகப் பார்த்த மெக்கானிக், “எஃப்.ஐ. பம்பை இறக்கிக் காலிபரேஷனுக்கு அனுப்பணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எஃப்.ஐ. பம்ப் என்பது டீசலை அளந்து, அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் பம்ப்; காலிபரேஷன் என்றால் அந்த அளவைச் சோதித்துச் சரிசெய்வது. அந்தப் பேச்சு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பம்பை இறக்குவதற்கு முன்னால் இன்னொரு ஆள் பார்த்துச் சொல்லட்டும் என்ற எண்ணம்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன், வயது 40-ஐத் தாண்டியது. டேங்க் எஞ்சினுக்கு மேலே, பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. டேங்க்கின் அடியில் ஒரு திருகு வால்வு. அதிலிருந்து குழாய் இறங்கி, எஞ்சின் பக்கவாட்டில் உள்ள டயாஃப்ரம் ஃபீட் பம்புக்குப் போகிறது. உள்ளே ஒரு சவ்வு (டயாஃப்ரம்) ஆடி டீசலை இழுத்துத் தள்ளும் பம்ப் அது; கை பம்ப் என்று நான் சொல்வது அதிலேயே உள்ள கை நெம்புகோலை. அந்தப் பம்பின் அடியிலேயே தூசு தங்கும் கண்ணாடிக் கிண்ணம். அங்கிருந்து டீசல் மேலேறி இரண்டு ஃபில்டர் வழியாக ரோட்டரி எஃப்.ஐ. பம்புக்கும், அதிலிருந்து இரும்புக் குழாய்களில் இன்ஜெக்டர்களுக்கும் போகிறது. இன்ஜெக்டரில் மிஞ்சிக் கசியும் டீசல் ரிட்டர்ன் குழாயில் டேங்க்குக்குத் திரும்புகிறது.

இந்தப் பாதையில் இரண்டு உலகம் உண்டு. இன்ஜெக்டர் பக்கம் அழுத்தம் மிக அதிகம். இதுபோன்ற பழைய எஞ்சின்களில் நாசில் திறக்கவே பெரும்பாலும் 170 முதல் 220 பார் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஃபீட் பம்ப் பக்கமோ அரை பார் சுற்றில் நடக்கிற வேலை. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் அதுகூடக் கிடையாது, வெறும் உறிஞ்சல். வண்டி நின்றால் எல்லோருக்கும் கண் போவது 200 பார் பக்கம்தான். அங்கேதான் விலை உயர்ந்த பாகங்கள் இருக்கின்றன, பயமும் அங்கேதான். நான் பார்த்த டீசல் கோளாறுகளில் பெரும்பாலானவை அரை பார் பக்கத்தில் இருந்தவை.

முதல் நாள்: கேள்விகள்

ஸ்பேனரை எடுக்கும் முன் சில கேள்விகள் கேட்டேன். அடங்கும்போது சைலன்சரில் கரும்புகை வருகிறதா? “இல்ல தம்பி, புகையே குறைஞ்சுடுது” என்றார். இது பெரிய தகவல். பாரம் தாங்காமல் வேகம் குறையும் எஞ்சின் கரும்புகை தள்ளும். டீசல் உள்ளே போகிறது, எரியும் அளவுக்குக் காற்று போதவில்லை என்பதன் அடையாளம் அது. புகையே இல்லாமல் அடங்கினால் டீசலே போய்ச் சேரவில்லை. நின்றபின் உடனே செல்ஃப் போட்டால்? “சுத்தும், புகை வராது.” அதுவும் பொருந்துகிறது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை என்று வேறு திசையில் போயிருப்பேன்.

அடுத்து, நிற்கிற நேரம். அவர் தோராயமாகத்தான் சொன்னார். அதனால் அன்று காலை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் ஓட்டச் சொன்னேன். முதல் முறை 22 நிமிடம். பத்து நிமிடம் ஓய்வுக்குப் பிறகு 21. மூன்றாவது முறை மூன்று நிமிடம் மட்டும் ஓய்வு கொடுத்தோம்; ஒன்பதாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. இதைத் தாளில் குறித்துக்கொண்டேன். ஓய்வு நீண்டால் ஓட்டமும் நீள்கிறது, ஓய்வு குறைந்தால் ஓட்டமும் குறைகிறது. எங்கேயோ ஏதோ ஒன்று ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, நின்றபின் தானாக விலகுகிறது. எஃப்.ஐ. பம்ப் தேய்ந்திருந்தால் இப்படிக் கணக்காக நடந்துகொள்ளாது. சூடானபின் இழுவை குறையும், சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஆனால் பத்து நிமிடத்தில் சூடு அவ்வளவாக இறங்கிவிடாது.

பாரத்தில் மட்டும் ஏன் வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இந்த அளவு எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்கு 7 முதல் 8 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 மில்லி. ஐடிலில், அதாவது பாரமில்லாமல் சும்மா ஓடும்போது, மணிக்கு ஒரு லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 15 அல்லது 20 மில்லி. டயாஃப்ரம் பம்பும் கேட்கிற அளவுதான் கொடுக்கும். மேலே அழுத்தம் ஏறியதும் டயாஃப்ரம் பாதியிலேயே நின்றுகொள்ளும், நெம்புகோல் மட்டும் சும்மா ஆடும். ஆகவே பாதையில் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் ஐடிலில் யாருக்கும் தெரியாது. ஷெட்டில் நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்த்து, “வண்டி நல்லாத்தானே ஓடுது” என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் வண்டிக்குத் தாகம் இல்லை, அவ்வளவுதான்.

முதல் சந்தேகம் டேங்க் மூடி. மூடியில் காற்று உள்ளே போக ஒரு பொடி ஓட்டை இருக்கும். அது மண்ணில் அடைத்துக்கொண்டால் டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் ஏறி, ஓட்டம் நின்றுவிடும். அறிகுறி அச்சாக இதேதான்: அரைமணி ஓடும், நிற்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகும். அடங்கத் தொடங்கியதும் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்ற சத்தம் இல்லை. எஞ்சினும் மீளவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு மூடியைத் தளர்த்தி வைத்தே ஓட்டினோம், அதே நேரத்தில் நின்றது. மூடி குற்றவாளி இல்லை. செலவே இல்லாத சோதனை இது, ஆனால் இரண்டு மாதத்தில் ஒருவரும் செய்து பார்த்திருக்கவில்லை.

நான் தவறிய இடம்

நின்ற வண்டியில் ஃபில்டர் தலையில் காற்றை வெளியேற்ற உள்ள ஏர் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்தேன். நுரைநுரையாகக் காற்று வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, 30, 40 அடி அடித்தும் குமிழ் நிற்கவில்லை. முன்பு பார்த்தவர்களும் இதைப் பார்த்துத்தான் “ஏர் பிடிக்குது” என்று சொல்லி, ஃபில்டர் வளையங்களையும் செம்பு வாஷர்களையும் மாற்றியிருக்கிறார்கள்.

இங்கே கை பம்ப் பற்றி ஓர் இடைச்செருகல். சில சமயம் கை நெம்புகோல் லொடலொடவென்று ஆடும், ஒன்றும் இழுக்காது. பம்ப் போய்விட்டது என்று கழற்றிவிடுவார்கள். ஃபீட் பம்பை ஆட்டுவது எஞ்சினோடு சுற்றும், ஒரு பக்கம் மேடான கேம். அந்தக் கேம் மேட்டில் எஞ்சின் நின்றிருந்தால் டயாஃப்ரம் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். கைக்கு இழுக்க மிச்சம் இருக்காது. எஞ்சினை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டால் கேம் அரைச் சுற்று நகர்ந்து, கைக்கு அடி கிடைக்கும். முதல் நாள் எனக்கும் அப்படித்தான் நின்றிருந்தது.

டீசல் பாதையில் காற்று ஏன் இவ்வளவு தொல்லை? எஃப்.ஐ. பம்ப் அழுத்துவது டீசலை. டீசல் ஏறத்தாழ அமுங்காது. அழுத்தியதும் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நடுவில் காற்றுக் குமிழ் இருந்தால் அது அமுங்கி விரியுமே தவிர, நாசில் திறக்கிற அழுத்தம் வராது. வேடிக்கை என்னவென்றால், ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எரிபொருளை உள்ளே தெளித்ததே அழுத்திய காற்றுதான். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டியிருந்தது. பாஷ் நிறுவனம் 1927-இல் எரிபொருளை நேரடியாக அழுத்தும் பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபின்தான் சின்ன எஞ்சின்களும் வண்டிகளும் டீசலுக்கு மாறின. அன்றிலிருந்து காற்று எதிரி.

காற்று எங்கிருந்து வருகிறது? ஃபீட் பம்புக்கு அப்பால் உள்ள இணைப்புகளில் கசிவு இருந்தால் டீசல் வெளியே வரும், ஈரம் தெரியும். பம்புக்கு முன்னால் உள்ள பாதையில் கசிந்தால் ஓடும்போது வெளியே ஒன்றும் தெரியாது; காற்றுதான் உள்ளே போகும். அதனால் டேங்க் வால்வுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில், உள்ளே ஓடுவது தெரியும்படி, ஒரு முழம் நிறமற்ற பிளாஸ்டிக் டியூப் போட்டேன். சோதனைக்கு மட்டும்தான். சாதாரண பிளாஸ்டிக் டியூபை டீசல் சில நாளில் கெடுத்துவிடும், அப்படியே விட்டுவிடக் கூடாது.

வயலுக்குப் போனோம். 18-ஆவது நிமிடம் வரை டியூப் நிறைந்து, டீசல் தெளிவாக ஓடியது. 19-இல் ஒரு குமிழ். பிறகு வரிசையாக. 22-இல் டியூபில் பாதிக்கு மேல் காற்று, வண்டி நின்றது. குமிழ் மேலிருந்து, வால்வு பக்கத்திலிருந்து வந்தது. வால்வின் தண்டைச் சுற்றி உள்ள கிளாண்ட் நட்டில் லேசான டீசல் பிசுக்கு, அதில் மண் ஒட்டியிருந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நட்டைக் கழற்றினால் உள்ளே கசிவைத் தடுக்கச் சுற்றியிருந்த பேக்கிங் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. புதுப் பேக்கிங் சுற்றி இறுக்கினேன். உரிமையாளரிடம், “முடிஞ்சுதுண்ணே, இனி நிக்காது” என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் 24-ஆவது நிமிடத்தில் நின்றது.

ஆனால் இந்த முறை டியூபில் ஒரு குமிழ்கூட இல்லை. டியூப் நிறைய டீசல், அசையாமல் நிற்கிறது. கை பம்பை அடித்தேன். நெம்புகோல் கனமாகப் போய், கையை விட்டதும் திரும்ப வரத் தயங்கியது. டியூப் வேறு லேசாக உள்வாங்கிச் சப்பையானது. அதைப் பார்த்ததும்தான் நேற்றே யோசித்திருக்க வேண்டியது உறைத்தது. டேங்க் இருப்பது மேலே. வால்வில் ஓட்டை இருந்தால் சாதாரண நிலையில் அங்கே டீசல் சொட்டத்தான் வேண்டும், காற்று உள்ளே போக வழியில்லை. டீசலின் எடையே அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். காற்று உள்ளே போகிறதென்றால் அந்த இடத்தில் வெற்றிடம் உருவாகியிருக்கிறது. வெற்றிடம் உருவாக, அதற்கும் மேலே ஏதோ அடைக்க வேண்டும். காற்று வந்ததால் டீசல் நிற்கவில்லை. டீசல் நின்றதால் காற்று வந்தது. நான் பேக்கிங் மாற்றியதில் அந்தக் காற்று போகும் வழியை மூடினேன், கோளாறு அப்படியே இருந்தது. 22 என்பது 24 ஆனது, அவ்வளவுதான் நான் செய்த உபகாரம்.

ஒரு பழுதை நீக்கியபின் அறிகுறியின் தோற்றம் மாறி, நேரம் மட்டும் மாறாமல் இருந்தால் நான் இப்போதெல்லாம் கையை எடுத்துவிட்டுத் தாளைப் பார்க்கிறேன். அன்று அந்தப் பழக்கம் இல்லை.

பாட்டில் கணக்கு

இனி ஊகத்துக்கு வேலை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வயலில் கலப்பையோடு ஓட்டிப் பார்ப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ரோட்டரி எஃப்.ஐ. பம்புக்கு உள்ளே ஓடும் டீசல்தான் தேய்மானத்தைத் தடுக்கும் எண்ணெய். பழைய வரிசைப் பம்புகளில் அடியில் தனியாக எஞ்சின் ஆயில் இருக்கும், இதில் இல்லை. டீசல் இல்லாமல் திரும்பத் திரும்ப நிற்கவிட்டால் நல்ல பம்பையும் நாமே தேய்த்துக் கெடுத்துவிடுவோம்.

ஆகவே நின்ற இடத்திலேயே சோதிக்க இப்படிச் செய்தேன். ஒரு சின்னக் கேனில் வடிகட்டிய டீசல் நிரப்பி, எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராக முதல் ஃபில்டருக்குக் குழாய் கொடுத்தேன். எஞ்சின் இப்போது கேனில் ஓடும். ஃபீட் பம்பின் வெளிக் குழாயைக் கழற்றி, ஒரு பெரிய கேனுக்குள் விட்டேன். எஞ்சின் ஓட ஓட ஃபீட் பம்ப் டேங்க்கிலிருந்து முழு வீச்சில் இழுத்து வெளியே கொட்டும். கலப்பை இல்லாமலே பாரத்தைவிட அதிக இழுப்பு. அவ்வப்போது 250 மில்லி பாட்டிலை நீட்டி, நிறைய எத்தனை நொடி என்று பார்த்தால் போதும். கொட்டும் டீசல் சூடான சைலன்சர் பக்கம் தெறிக்காமல் குழாயைக் கட்டிவைக்க வேண்டும்.

வேகத்தை நடுத்தரமாக வைத்தேன். முதல் பாட்டில் 15 நொடி, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர். தேவை 130 மில்லி. வருவதோ அதைப்போல ஏழெட்டு மடங்கு. ஃபீட் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது என்பது அந்த ஒரு பாட்டிலிலேயே தெரிந்துவிட்டது. ஆயில் ஸ்டிக்கையும் உருவிப் பார்த்தேன். டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து மட்டம் ஏறும்; அப்படி ஏறிய ஆயிலோடு ஓட்டுவது எஞ்சினுக்கே ஆபத்து. மட்டம் சரியாக இருந்தது, டீசல் வாடையும் இல்லை.

மூன்றாவது நிமிடத்தில் 17 நொடி. ஐந்தாவதில் 26. அங்கிருந்து வேகமாக இறங்கியது. எட்டாவது நிமிடத்தில் பாட்டில் நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பத்தாவதில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கேனில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கோ எந்தச் சலனமும் இல்லை, ரேஸ் கொடுத்தால் துள்ளியது. ஃபில்டர், எஃப்.ஐ. பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் ஒரே நேரத்தில் விடுதலை.

எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓட்டினேன். 15 நொடி. உரிமையாளர் பக்கத்திலேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தார். “அப்போ பம்ப் இல்லையா தம்பி?” என்றார். “பம்பைத் தொடவே வேண்டாம்ண்ணே” என்றேன். முந்தின நாள் வாய்விட்டதால் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு பிரிவு பாக்கி: டேங்க், வால்வு, அதிலிருந்து இறங்கும் குழாய். பழைய ரப்பர் குழாயில் ஒரு தந்திரக் கோளாறு உண்டு. வெளியே நன்றாக இருக்கும். உள்ளே ஒரு தோல் உரிந்து, உறிஞ்சும்போது கதவுபோல மூடிக்கொள்ளும். ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும். அதனால் குழாயை ஊதிப் பார்த்துத் தேறியது என்று விட்டுவிடக் கூடாது, மாற்றிப் பார்க்க வேண்டும். என் சோதனை டியூப் போட்டபோதே அந்தக் குழாயின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது, ஆகவே அது இல்லை. பாட்டில் சொட்டு நிலைக்கு வந்த நேரத்தில் டியூபைக் கழற்றி, வால்வு வழியாக டேங்க்குக்குள் வாயால் ஊதினேன். முதலில் இறுக்கம். பிறகு ‘பொளக்’ என்று விட்டுக்கொடுத்து, டேங்க்குக்குள் குமிழ் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. மாட்டிப் பார்த்தால் மறுபடி 15 நொடி.

டேங்க்குக்குள் இருந்தது

வால்வைக் கழற்றும் முன் டேங்க்கில் இருந்த டீசல் முழுவதையும் சுத்தமான கேன்களில் வடித்தோம். கடைசியாக வந்தது டீசல் இல்லை. தண்ணீர், ஏறக்குறைய 200 மில்லி, அதன்மேல் கறுத்த கொழகொழப்பு. டீசலைவிடத் தண்ணீர் கனம். அடியில் போய்த் தங்கிவிடும். பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் சுவரில் வேர்த்து இறங்கியே இவ்வளவு சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து டீசலைத் தின்று வாழ்கின்றன. அந்தக் கொழகொழப்பு அவற்றின் கூட்டம்தான்.

வால்வின் மேல்பக்கம், டேங்க்குக்குள் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சல்லடைக் குழல். கண்ணுக்குத் தெரியாத இடம், பல வண்டிகளில் இப்படி ஒன்று இருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. அதன்மேல் கொழகொழப்பு ஒட்டியிருந்தது, ஆனால் முழுக்க மூடவில்லை. இவ்வளவு அடைப்புக்கு இது மட்டும் போதாதே என்று டார்ச் அடித்து டேங்க்குக்குள் பார்த்தேன். அடியில் மீன் செதில்போல மெல்லிய, தட்டையான துண்டுகள். விரல் நக அளவு முதல் பெரிய நாணய அளவு வரை. துரு என்றால் உடைந்து பொடியாகும், இது வளைந்தது. “அண்ணே, இதுக்குள்ள யாராச்சும் ஏதாவது ஊத்தினாங்களா?” என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: பல வருடத்துக்கு முன்னால் டேங்க் அடியில் ஊசி ஓட்டை விழுந்தபோது ஒருவர் உள்ளே ஒரு பூச்சு ஊற்றி, உருட்டிக் காயவைத்துத் தந்தாராம். துருப்பிடித்த தகட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் ஊற்றியிருக்க வேண்டும். அடியில் தண்ணீர் நிற்க நிற்க, பூச்சு தோல் உரிவதுபோல உரிந்திருக்கிறது.

இப்போது எல்லாம் பொருந்தியது. வயலில் குலுங்கும்போது செதில்கள் மிதந்து எழும்பும். பாரத்தில் ஓடும்போது உறிஞ்சல் இருப்பதால் ஒவ்வொன்றாகச் சல்லடையில் வந்து ஒட்டும், இடைவெளியைக் கொழகொழப்பு நிரப்பும். ஒட்ட ஒட்ட மிச்ச ஓட்டை வழியாக உறிஞ்சல் இன்னும் கூடும். நாலைந்து செதில் சேர்ந்ததும் கதை முடிந்தது. எஞ்சின் நின்றால் உறிஞ்சல் போய்விடும், செதில்கள் தாமாகக் கழன்று கீழே படியும். மூன்று நிமிட ஓய்வில் சில மட்டும் கழன்றிருக்கும், அதனால்தான் ஒன்பது நிமிடம். கண்ணாடிக் கிண்ணமும் கழற்றிய ஃபில்டர்களும் ஏன் ஓரளவு சுத்தமாக இருந்தன என்பதற்கும் பதில் கிடைத்தது. அழுக்கு அவ்வளவு தூரம் வரவே இல்லை.

சுத்தம் செய்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; சலிப்பான வேலை, ஒன்றரை நாள் ஆனது. டேங்க்கை இறக்கி, இரண்டு முழம் மெல்லிய சங்கிலியும் கொஞ்சம் டீசலும் போட்டு நாலு பக்கமும் உருட்டினோம். சங்கிலி மோதி மோதிப் பூச்சில் ஆட்டம் கண்டதெல்லாம் பெயர்ந்தது. கொட்டுவது, அலசுவது, மறுபடி உருட்டுவது. ஆறாவது முறை செதில் இல்லாமல் வந்தது. வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காயவைத்தோம். அழுக்கு டீசலை மண்ணில் கொட்டாமல் தனி டிரம்மில் பிடித்துவைத்தோம். பழைய ஊசி ஓட்டை மறுபடி தலைகாட்டியது. இதைப் பற்ற வைக்கத் தோன்றும். காலியான டீசல் டேங்க்கில் தங்கியிருக்கும் ஆவி வெல்டிங் தீயில் வெடிக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். முறையாக ஆவி நீக்கிச் செய்யத் தெரிந்த இடத்துக்கு அனுப்பித்தான் அதை அடைத்தோம். உள்ளே புதுப் பூச்சு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சல்லடையை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் சின்ன விவாதம். எடுத்து எறிந்துவிட்டால் இனி அடைக்காதே என்றார் அவர். அதுவும் ஒரு வழிதான், சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் டேங்க்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சு நாளைக்கு உரியாது என்று யார் சொல்வது? சல்லடை இல்லாவிட்டால் அந்தச் செதில் வால்வின் கழுத்தில் போய்ச் சிக்கும். சல்லடையைக் கழுவித் திரும்பப் போட்டோம்.

மாட்டியது

இணைப்புகளைத் திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர்களை அப்படியே போடவில்லை. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி நசுங்கிப் படியாது. புதிது இல்லையென்றால் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மென்மையாகிவிடும். ஃபில்டர் தலையில் ஒரு வேடிக்கை காத்திருந்தது: மேல் ரப்பர் வளையம் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. பழையது தலையில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் புதியதைப் போட்டிருக்கிறார்கள். அதுவரை கசியவில்லை என்பது அதிர்ஷ்டம்தான்.

ஏர் எடுப்பது டேங்க்கிலிருந்து தொடங்கி இன்ஜெக்டர் நோக்கிப் போகிற வேலை. முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், எஃப்.ஐ. பம்பில் உள்ள இரண்டு ஏர் திருகுகள். ஒவ்வொன்றிலும் குமிழ் இல்லாத டீசல் வரும்வரை கை பம்பை அடித்து, டீசல் வரும்போதே திருகை இறுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கைப்பிடி உள்ளே தள்ளியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதை மறந்து அரைமணி அடித்தவர்கள் உண்டு, அதில் நானும் ஒருவன். கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க வைத்து, செல்ஃபில் சுற்றினால் டீசல் துப்பும். அப்போது இறுக்கிவிடலாம். எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கம் கசிவு தேடக் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும்; உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

எஞ்சின் பிடித்தது. பாட்டில் சோதனையை மறுபடி வைத்தேன்: முதல் நிமிடம் 14 நொடி, 15-ஆவது நிமிடத்திலும் 14. பிறகு வயல். 22-ஆவது நிமிடம் வந்தபோது உரிமையாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 24. 30. ஒரு மணி நேரம் ஆனதும் நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை, அன்று மூன்று மணி 10 நிமிடம் உழுததாக மாலையில் சொன்னார்.

டேங்க்கை என்னதான் கழுவினாலும் கொழகொழப்பின் மிச்சம் குழாய்களில் இருக்கும் என்பதால், புது ஃபில்டர்களை 20 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்லியிருந்தேன். கழற்றிய முதல் ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம். காகித மடிப்புகளில் மூன்றில் ஒரு பங்கு கறுப்புப் பிசின். அடுத்ததை 50 மணி நேரத்தில் அறுத்தபோது மடிப்பு லேசான பழுப்பாக மட்டும் இருந்தது. செதில் எதுவும் இல்லை. இப்போது வேலை முடிந்து நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி நிறுத்துகிறார். வாரம் ஒருமுறை, ஓர் இரவு நின்றபின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீர் பார்க்கிறார். டேங்க் வால்வின் கிளாண்ட் நட்டில் மட்டும் மறுபடி லேசாகப் பிசுக்கு தெரிகிறதாம். நான் அவசரமாகச் சுற்றிய பேக்கிங் அது. அடுத்த முறை போகும்போது ஒழுங்காகச் சுற்ற வேண்டும்.